மொனாட்நாக்கின் சுவர் ஏன் ஆறடித் தடிமன்?

சிகாகோ நகரின் மையத்தில் நிற்கும் மொனாட்நாக் கட்டடத்தைப் பற்றி நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். தரைமட்டத்தில் அதன் வெளிச்சுவர் ஆறடித் தடிமனாக இருப்பது ஏன்? அந்தப் பாரத்தால் கட்டடம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது என்பது உண்மையா? செங்கல்லை மட்டும் நம்பி அத்தனை உயரம் இன்று கட்ட முடியுமா? இம்மூன்றுக்கும் அடியில் நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத நான்காவது கேள்வி ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. கட்டடத்தின் எடையைச் சுவருக்குப் பதிலாகத் தூண்களும் உத்தரங்களும் சுமக்கும் உலோகச் சட்டகம் புழக்கத்துக்கு வந்த பிறகும் பதினாறு மாடிக்குச் செங்கல்லை அடுக்கியவர்களுக்கு விவரம் போதவில்லையா என்பதே அது. பழைய செங்கல் கட்டடங்களின் உறுதியைச் சோதித்துச் சொல்வது பல ஆண்டுகளாக என் தொழில். ஆகவே சுவர், மண், எடை ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். உரிமையாளர்களின் மனத்தில் ஓடியதைப் பற்றிச் சொல்லும்போது, எஞ்சியுள்ள கடிதங்களையும் வரலாற்றையும் படித்த ஒரு வாசகன் என்ற அளவிலேயே பேசுகிறேன். இரண்டையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

முதலில், நாம் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் வழங்கினாலும் மொனாட்நாக் உண்மையில் இரண்டு கட்டடங்கள். ஜாக்சன் சாலையில் தொடங்கி டியர்பார்ன் தெருவையொட்டித் தெற்கே நீளும் ஒடுங்கிய மனையின் வடபாதியை டேனியல் பர்ன்ஹாம், ஜான் வெல்பார்ன் ரூட் ஆகிய இருவரின் நிறுவனம் வடிவமைத்தது. அது 1891-இல் முடிந்தது. தென்பாதியை வில்லியம் ஹோலாபர்ட், மார்ட்டின் ரோச் ஆகியோரின் நிறுவனம் வடிவமைத்தது. அது 1893-இல் முடிந்தது. பணம் போட்டவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர் புரூக்ஸ், ஷெப்பர்ட் புரூக்ஸ் என்ற சகோதரர்கள். சிகாகோவில் இருந்து அவர்களுடைய காரியங்களைக் கவனித்தவர் ஓவன் ஆல்டிஸ். நியூ இங்கிலாந்து மலைகளின் பெயர்களையே கட்டடத்துக்கு வைத்தார்கள்: வடபாதிக்கு மொனாட்நாக், கியர்சார்ஜ், தென்பாதிக்குக் கட்டாடின், வாச்சூசெட். தேவைப்பட்டால் தனித்தனியே விற்றுவிடலாம் என்பதற்காக நான்கு பகுதிகளுக்கும் தனித்தனி மின்தூக்கிகள், படிக்கட்டுகள், வெப்பமூட்டும் ஏற்பாடுகள் அமைக்கப்பட்டன. முழுவதும் முடிந்தபோது 1,200 அறைகளும் 6,000 பேருக்கு மேல் வேலை செய்ய இடமும் கொண்ட அது உலகின் மிகப் பெரிய அலுவலகக் கட்டடமாக இருந்தது. நீங்கள் கேட்கும் ஆறடிச் சுவர் வடபாதிக்கு உரியது.

அந்த வடபாதியும் முழுக்கச் செங்கல்லால் நிற்பதன்று. பலரும் தவறவிடும் செய்தி இது. வெளிச்சுவர்தான் சுமைதாங்கும் செங்கல் சுவர். உள்ளே தளங்களைத் தாங்குவன வார்ப்பிரும்பும் தேனிரும்பும் கொண்ட தூண்களும் உத்தரங்களும். காற்றின் தள்ளுதலை எதிர்க்க, தூண்களுக்கு இடையே இரும்பை அறைந்து வாயில் போன்ற சட்டங்களாக இறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்கக் கட்டடங்களில் அம்முறையை முதன்முதலில் கையாண்டவற்றுள் இதுவும் ஒன்று. இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் எளிது. கட்டடத்தின் அகலம் 70 அடிக்கு மேல் இல்லை, உயரமோ 215 அடி. அகலத்தைப்போல் மூன்று மடங்கு உயர்ந்து, நீண்ட பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும் பலகை போன்றது அது. அப்படிப்பட்ட வடிவத்தை வெளிச்சுவர்களின் எடை மட்டும் நிமிர்த்தி வைத்திருக்கும் என்று அதன் பொறியாளர்கள் நம்பவில்லை. ஆகவே பழைய காலத்தின் கடைசிக் கட்டடம் என்று இதை வருணிப்பது பாதி உண்மையே. உடம்பு புதியது, தோல் பழையது; ஆனால் அந்தத் தோல் தன் எடையைத் தானே சுமப்பதோடு, தளங்களின் எடையிலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

இனி ஆறடிக்கு வருவோம். அந்தக் காலத்துச் சுவர் விதி ஒன்று உண்டு: ஒரு மாடிக்கு 12 அங்குலம், அதன் மேல் ஏறும் ஒவ்வொரு மாடிக்கும் அடிச்சுவரில் 4 அங்குலம் கூட்டு. பதினாறு மாடி என்றால் 12-உடன் பதினைந்து நான்கு அறுபதைக் கூட்டினால் 72 அங்குலம், அதாவது சரியாக ஆறடி. உச்சியில் சுவர் 18 அங்குலமாக ஒடுங்குகிறது. எனவே “ஏன் ஆறடி” என்பதற்கு நேரான விடை, வாய்ப்பாடு அப்படிச் சொன்னது என்பதே. ஆனால் வாய்ப்பாடு ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டால்தான் விஷயம் சுவைக்கத் தொடங்குகிறது. செங்கல் நசுங்கிவிடாமல் இருக்கத்தான் சுவரைத் தடிமனாக்கினார்கள் என்பது பொதுவான எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

செங்கல் கட்டுமானத்தின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,900 கிலோ. கட்டடத்தின் 66 மீட்டர் உயரத்துக்கு ஒரே தடிமனாகச் சுவர் எழுப்பினால், அதன் சொந்த எடையால் அடியில் ஏற்படும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோவுக்கு அருகில் வரும். இந்த எண்ணில் சுவரின் தடிமன் எங்கும் நுழையவில்லை என்பதைக் கவனியுங்கள். தடிமனை இரட்டித்தால் எடையும் இரட்டிக்கும், எடையைத் தாங்கும் பரப்பும் இரட்டிக்கும். அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே போகப்போக ஒடுங்கும் சுவரில் அது இன்னும் குறையும். தளங்களின் எடை சேரும்போது கொஞ்சம் கூடும். நல்ல கலவையில் ஒழுங்காகக் கட்டிய சுவர் இதைப்போல் நான்கைந்து மடங்கையாவது தாங்கும். இது வரைபடத்தை வைத்துப் போட்ட கணக்கு அன்று, கைவிரலில் போட்ட கணக்கு. ஆனால் முடிவை மாற்றும் அளவுக்கு அதில் பிழை இருக்க வாய்ப்பில்லை. நசுங்குவது இங்கே சிக்கலே அன்று.

அப்படியானால் தடிமன் எதற்கு? செங்கல்லும் கலவையும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்கா. சுவர் சற்றே சாய்ந்தாலோ, உத்தரம் சுவரின் நடுவில் அமராமல் உள்விளிம்பில் அமர்ந்தாலோ, காற்று ஒரு பக்கமாகத் தள்ளினாலோ, சுவரின் ஒரு முகத்தில் அமுக்கம் கூடி, மறுமுகத்தில் இழுப்பு தோன்றப் பார்க்கும். எடையின் விசைக்கோடு சுவரின் நடுப்பகுதியை விட்டு விலகாதவரை இழுப்பு வராது. நடுப்பகுதியை அகலமாக்க வேண்டுமானால் சுவரை அகலமாக்க வேண்டும். இழுப்பைத் தாங்காத பொருளைக் கொண்டு உயரமாகக் கட்டுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் செய்துவந்தது இதைத்தான். அதோடு, மாடிக்கு நான்கு அங்குலம் என்ற விதி கணக்காளர்களின் மேசையில் பிறந்ததன்று. சூளையில் சரியாக வேகாத கல், அவசரத்தில் நீர்த்துப்போன கலவை, தூக்குக்குண்டை மறந்த கொத்தனார், பின்னாளில் குழாய் பதிப்பதற்காகச் சுவரைக் குடையும் வாடகைதாரர் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே மன்னித்துவிடும் விதி அது. நான் சோதித்த பழைய கனத்த சுவர்களில், பாரம் தாங்காமல் நசுங்கியதாக ஒன்றைக்கூட இதுவரை பார்த்ததில்லை. நீர் இறங்கி உளுத்தவை உண்டு, அடித்தளம் ஒரு மூலையில் மட்டும் இறங்கியதால் பிளந்தவை உண்டு, யாரோ புதிதாகக் கதவு திறக்க நினைத்ததால் கெட்டவை நிறையவே உண்டு.

இந்தப் பாதுகாப்புக்கு உரிமையாளர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 70 அடி அகலத்தில் இரு பக்கமும் ஆறடி ஆறடியாகச் சுவர் தின்றுவிட்டால், 12 அடி போகிறது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தெருவைப் பார்த்த கடைகள் இருக்கும், வாடகை அதிகம் வரும் தரைமட்டத்தில்தான் இந்த இழப்பு மிகுதி. வெளிச்சம் வேண்டிய இடத்தில் ஆறடி ஆழமுள்ள சன்னல் குழி, குகையின் வாய்போல் ஆகிவிடுகிறது. மேலே உள்ள மாடிகளில் தெருப்பக்கம் வளைந்து துருத்திக்கொண்டிருக்கும் சாளரத் தொகுதிகள் இதற்கான மாற்று ஏற்பாடு; சுவரின் கோட்டை விட்டு வெளியே போய் வெளிச்சத்தை அள்ளி வருகின்றன, வாடகைக்கு விடும் பரப்பையும் கொஞ்சம் மீட்டுத் தருகின்றன. பதினாறு மாடி என்ற உயரம்கூட இந்தக் கணக்கில் வந்ததே. அதற்கு மேல் போனால், மேலே சேரும் மாடியின் வாடகையைக் கீழே தடிக்கும் சுவர் விழுங்கிவிடும்.

அப்படியிருந்தும் ஏன் செங்கல்? அறியாமை என்ற விடையை உறுதியாகத் தள்ளிவிடலாம். கட்டடக்கலைஞர் வில்லியம் லெ பரன் ஜென்னியின் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் உலோகச் சட்டகத்தைப் பயன்படுத்தி 1885-இல் அதே நகரில் எழுந்துவிட்டது. ஹோலாபர்ட், ரோச் இருவரின் டக்கோமா கட்டடம் 1889-இல் முடிந்தது. இவற்றையெல்லாம் விட அழுத்தமான சான்று பர்ன்ஹாம், ரூட் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. மொனாட்நாக்கின் செங்கல் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர்கள் ரேண்ட் மெக்நாலி கட்டடத்தை முழுக்க எஃகுச் சட்டகத்தில் கட்டினார்கள். 21 மாடிகள் கொண்ட மேசானிக் டெம்பிளையும் சட்டகத்திலேயே வரைந்தார்கள். பக்கத்து மேசையில் எஃகு, இந்த மேசையில் செங்கல். எனவே வரைந்தவர்களுக்குத் தெரியாததால் செங்கல் வந்தது என்று சொல்ல இடமில்லை. இது கட்டடக்கலைஞரின் இயலாமை அன்று, பணம் போட்டவரின் தேர்வு.

அந்தத் தேர்வின் காரணங்களில் சில கடிதங்களில் தெளிவாகவே உள்ளன, சிலவற்றை ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். பீட்டர் புரூக்ஸ் சிக்கனக்காரர். துருத்தல்களும் குழிவுகளும் இல்லாமல், எல்லாம் சுவரோடு ஒட்டி வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று 1884-இலேயே ஆல்டிஸுக்கு எழுதினார். துருத்திய வேலைப்பாடு என்றால் அழுக்கு. அது கட்டடத்துக்கு வலுவும் சேர்க்காது. புறாவும் குருவியும் வந்து அடையும். இவை அவரே சொன்ன காரணங்கள். பின்னாளில் நவீனக் கலையின் முன்னோடி என்று கொண்டாடப்பட்ட அந்த மொட்டைச் சுவரின் பின்னால் புறா எச்சத்தைப் பற்றிய கவலையும் இருந்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. உயரம் முடிவானதற்கும் சான்று உண்டு. கட்டடங்களின் உயரத்தை 150 அடிக்குள் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை நகரம் ஆலோசித்தபோது, அது வருவதற்குள் அனுமதி வாங்கிவிட வேண்டும் என்று ஆல்டிஸ் பதினாறு மாடிக்கு விரைந்து விண்ணப்பித்தார். 1889 ஜூனில் அனுமதி கிடைத்தது. செங்கல்லை ஏன் விடவில்லை என்பதை மட்டும் நான் ஊகமாகவே சொல்வேன். 1871-இல் நகரமே எரிந்ததைக் கண்ட தலைமுறைக்குத் தீயில் உருகி வளையும் இரும்பைப் பற்றி அச்சம் இருந்தது. சுவருக்குள் மறையும் இரும்பு எத்தனை ஆண்டுகளில் துருப்பிடிக்கும் என்பதற்கு அப்போது யாரிடமும் அனுபவம் இல்லை. தொலைவில் பாஸ்டனில் இருந்துகொண்டு, பல தலைமுறைக்கு வாடகை வர வேண்டும் என்று பணம் போடுகிறவர், ஐந்து வயதே ஆன முறையைவிட ஐயாயிரம் வயதான முறையை நம்புவது எனக்கு வியப்பாக இல்லை.

வடிவத்தைப் பற்றி ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ரூட் விடுமுறையில் போயிருந்தபோது, வேலைப்பாடே இல்லாத நேர்ச்சுவராக ஒரு முகப்பை வரையச் சொல்லிவிட்டாராம் பர்ன்ஹாம். திரும்பி வந்த ரூட் முதலில் எதிர்த்து, பிறகு எகிப்தியப் பிரமிடின் சரிவான கோடுகள் தன் மனத்தில் புகுந்துவிட்டன என்று சொல்லி அதிலேயே மூழ்கிவிட்டாராம். இதைப் பதிவு செய்தவர் ரூட்டின் மைத்துனியான கவிஞர் ஹாரியட் மன்றோ. உறவினர் ஒருவர் அன்போடு எழுதிய நினைவு என்ற அளவில் அதை எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது ஐயத்துக்கு இடமில்லாதது. முதல் மாடிக்கு மேல் சுவர் மெல்ல உள்வாங்கி வளைகிறது, செங்குத்தாக ஏறுகிறது, உச்சியில் எகிப்தியக் கோயில் வாயிலின் மேல்விளிம்புபோல் வெளிப்புறமாக விரிகிறது. மூலைகள் கீழே கூர்மையாகத் தொடங்கி, மேலே போகப்போகச் செதுக்கப்பட்டதுபோல் சரிகின்றன. இந்த வளைவுகளுக்காக வெவ்வேறு வடிவங்களில் செங்கற்களை அச்சில் வார்த்துச் சுட வேண்டியிருந்தது. சிக்கனக்காரரின் மொட்டைச் சுவர் இவ்வாறாக மலிவான சுவராகவும் இல்லாமல் போயிற்று. வெளியே தெரியும் அந்த அடி வளைவைப் பார்த்துவிட்டு, ஆறடியிலிருந்து ஒன்றரையடிவரை சுவர் ஒடுங்குவது முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ணிவிடக் கூடாது. இத்தகைய சுவர்களில் ஒடுக்கம் பெரும்பாலும் உட்புறமாக, தளத்துக்குத் தளம் படியாக நடக்கும். வெளிவளைவு அந்தப் பாரத்தைக் கண்ணுக்கு உணர்த்தும் சாடை. ரூட் கட்டடம் முடிவதைப் பார்க்கவில்லை. 1891 ஜனவரி 15 அன்று, 41 வயதில், நிமோனியாவால் இறந்தார்.

மண்ணுக்கு வருகிறேன். சிகாகோ மையப்பகுதியின் மேல்மண் அடியில் மென்மையான நீலக் களிமண் தடித்த படுகையாகக் கிடக்கிறது. கெட்டியான பாறைக்குப் போக நூறு அடிக்கு மேல் இறங்க வேண்டும். அவ்வளவு ஆழம் தோண்டி அடித்தளம் போடும் வழக்கம் அங்கே 1890-களின் நடுப்பகுதியில்தான் வந்தது. அதற்கு முன் கட்டடங்கள் களிமண்ணின் மேல் தெப்பம்போல் மிதந்தன. 1880-களின் தொடக்கத்தில், அதே புரூக்ஸ் சகோதரர்களுக்காகக் கட்டிய மான்டாக் பிளாக் என்ற கட்டடத்தில், தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கான்கிரீட்டில் புதைத்து, அதன் மேல் தூணை நிறுத்தும் முறையை ரூட் கையாண்டார். முன்பு நிலவறையையே அடைத்துக்கொண்ட கூம்பு வடிவக் கல் குவியல்களுக்குப் பதிலாக, மெல்லிய அகன்ற தட்டு கிடைத்தது. மொனாட்நாக்கில் இதே தெப்ப முறை இன்னும் பெரிதாக்கப்பட்டு, சுவர்க்கோட்டைத் தாண்டிச் சுமார் 11 அடி தூரம் தெருவுக்கு அடியிலும் பரப்பப்பட்டது. எடையை எத்தனை அகலமாகப் பரப்புகிறோமோ, அந்த அளவுக்குக் களிமண்ணின் மேல் அழுத்தம் குறையும்.

கட்டடம் இறங்கும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். 8 அங்குலம் இறங்கும் என்று கணக்கிட்டு, அதற்கு இடம் விட்டே கட்டினார்கள். கணக்கு பொய்த்தது, 1905-க்குள் அந்த எட்டு அங்குலமும் அதற்கு மேலும் இறங்கிவிட்டது, தரைத்தளத்தைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் மொத்த இறக்கம் 20 அங்குலத்தைத் தொட்டது, தெருவிலிருந்து உள்ளே போக ஒரு படி கீழே இறங்கும் நிலை வந்தது. எனவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அதிலிருந்து கட்டடம் ஆபத்தில் இருக்கிறது என்று முடிவு செய்தால் அது தவறு. ஒரு கட்டடம் முழுவதும் ஒரே சீராக இரண்டடி இறங்கினால், வாசற்படியும் கழிவுநீர்க் குழாயும்தான் அல்லலுறும். ஒரு மூலை மட்டும் இரண்டு அங்குலம் கூடுதலாக இறங்கினால் சுவர் பிளக்கும். என் தொழிலில் மொத்த இறக்கத்தைவிட இறக்கத்தின் வேறுபாட்டுக்கே அஞ்சுவோம். ஈரக் களிமண் பாரத்தின் கீழ் நீரைக் கசியவிட்டு இறுகும் விதமும் இங்கே கட்டடத்துக்குச் சாதகமானது: தொடக்க ஆண்டுகளில் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தணிந்துவிடும். சுமை கூடாதவரை, மண்ணுக்கடியில் நீர்மட்டம் பெரிதாக மாறாதவரை, நூற்று முப்பது ஆண்டுகள் கடந்த களிமண் தன் கணக்கை ஏறக்குறைய முடித்துக்கொண்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தென்பாதியை வடபாதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. ஒரே தெரு, ஒரே உரிமையாளர், இரண்டே ஆண்டு இடைவெளி. ஆனால் அங்கே செங்கல்லும் சுடுமண்ணும் எஃகுச் சட்டகத்தின் மேல் போர்த்திய தோலாகிவிட்டன. சுவர் மெலிந்தது, சன்னல் அகன்றது, உச்சியில் மரபான கொடுங்கை வேலைப்பாடு திரும்பி வந்தது. பொருளாதாரமாகப் பார்த்தால் தென்பாதியின் பக்கமே நியாயம். கண்ணால் பார்த்தால் நான் வடபாதியின் பக்கம். பளுவைச் சுமப்பவன் நிற்கும் விதத்துக்கும் சட்டை போட்டவன் நிற்கும் விதத்துக்கும் வேறுபாடு உண்டு, இங்கே அது தெரிகிறது. இதை ரசனை என்று சொல்லி நீங்கள் ஒதுக்கினால் வழக்காட மாட்டேன்.

உலகின் மிக உயரமான செங்கல் கட்டடம் இது என்று உங்கள் கேள்வியில் ஒரு சொற்றொடர் வருகிறது. அதைச் சற்றுத் திருத்த வேண்டும். சுமைதாங்கும் கட்டுமானம் என்று பொதுவாகச் சொன்னால், 548 அடி உயரமுள்ள பிலடெல்பியா நகர மன்றமும் 555 அடி உயரமுள்ள வாஷிங்டன் நினைவுத் தூணும் இதை எளிதில் முந்திவிடும். வணிகக் கட்டடம் என்று சுருக்கினாலும், நியூயார்க்கில் 1890-இல் எழுந்த புலிட்சர் கட்டடம், கோபுரத்தையும் சேர்த்து 309 அடி உயரத்தில், தடித்த கொத்துச் சுவர்களோடு நின்றது. அதன் சுவர்கள் எந்த அளவுக்குத் தளங்களைத் தாங்கின என்பதைப் பொறுத்து இந்த ஒப்பீடு மாறும். அது 1955-இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே, சுமைதாங்கும் செங்கல் வெளிச்சுவரோடு இன்று நிற்கும் அலுவலகக் கட்டடங்களில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. விருதுப்பெயர்களில் இன்னொன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது: வடபாதியின் படிக்கட்டு வேலைப்பாடுகளில் வார்த்த அலுமினியத்தைப் பயன்படுத்தியது, கட்டடத் தொழிலில் அந்த உலோகத்தின் மிகத் தொடக்கக் காலப் பயன்பாடுகளில் ஒன்று. அப்போது அது இன்றுபோல் மலிவான உலோகம் அன்று. வெளியே ஓர் அலங்காரம் வேண்டாம் என்றவர்களின் பணம் உள்ளே படிக்கட்டில் செலவானது.

சட்டகக் கட்டடங்கள் எல்லாம் போய்விட, செங்கல் மட்டும் நிலைத்தது என்றும் சிலர் எழுதுவார்கள். தேதிகளைப் பார்த்தால் அப்படித் தோன்றத்தான் செய்யும். ரேண்ட் மெக்நாலி 1911-இலும், டக்கோமா 1929-இலும், ஹோம் இன்ஷூரன்ஸ் 1931-இலும், மேசானிக் டெம்பிள் 1939-இலும் இடிக்கப்பட்டன. ஆனால் அவற்றில் ஒன்றும் எஃகு தளர்ந்ததால் விழவில்லை. மனையின் விலை கட்டடத்தின் வருமானத்தை மீறியதால் போயின. சுமைதாங்கும் சுவர்களைக் கொண்ட மான்டாக் பிளாக்கும் 1902-இலேயே போய்விட்டது. மொனாட்நாக் பிழைத்ததற்கு என் கணிப்பில் முக்கியக் காரணம் அதன் ஒடுக்கமே. 70 அடி அகலத்தில் நடுவே நடைவழி வைத்தால், இருபுறமும் ஒவ்வோர் அறைக்கும் சன்னல் கிடைக்கும். சிறு வழக்கறிஞர், சிறு வணிகர், கைவினைஞர் என்று சின்னச் சின்ன வாடகைதாரர்களுக்கு என்றைக்கும் பொருந்தும் அளவு அது. 1938-இல் புதுப்பிக்கிறோம் என்று பழைய மொசைக் தரைகளின் மேல் வேறு தரை போட்டு மூடினார்கள். 1979-இல் வாங்கிய புதிய உரிமையாளர்கள், கட்டடக்கலைஞர் ஜான் வின்சியின் துணையோடு தொடங்கி, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மாடிமாடியாக அதைப் பழைய நிலைக்கு மீட்டார்கள். 1970-இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டிலும், 1973-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும் அது இடம்பெற்றுவிட்டதால், இடிப்பதைப் பற்றிய பேச்சு இப்போது எளிதில் எழாது.

கடைசியாக, இன்று செங்கல்லில் அவ்வளவு உயரம் கட்ட முடியுமா என்ற உங்கள் மூன்றாம் கேள்வி. முடியும், அதற்கு ஆறடிச் சுவரும் தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் 1950-களில், பதினைந்து மாடிக்கும் மேற்பட்ட குடியிருப்புகளை ஒன்றரையடியைத் தாண்டாத செங்கல் சுவர்களில் எழுப்பிக் காட்டிவிட்டார்கள். கல்லையும் கலவையையும் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்த்து வலிமையை அளந்தது ஒரு காரணம். சுவர்களை வெளியே மட்டும் நிறுத்தாமல், வீட்டுக்கு வீடு குறுக்குச் சுவர்களாக வைத்து, கான்கிரீட் தளங்களால் ஒன்றோடொன்று கட்டியது பெரிய காரணம். தனியாக நிற்கும் அட்டை சாயும். பெட்டியாக மடித்த அட்டை நிற்கும். அலுவலகத்துக்கு இந்த வழி ஒத்துவராது, ஏனென்றால் அலுவலகத்துக்கு அகன்ற கூடம் வேண்டும், குறுக்குச் சுவர்கள் அதைத் துண்டாக்கிவிடும். ரூட்டின் முன்னால் இருந்த சிக்கலும் அதுவே. உள்ளே சுவர் கூடாது என்று வாடகைக் கணக்கு சொன்னது, வெளியே செங்கல்தான் வேண்டும் என்று உரிமையாளர் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே வழி, வெளிச்சுவரைத் தடிமனாக்கி உள்ளே இரும்பை நிறுத்துவது.